என் பாயிண்டைப் பிடுங்கிய மோட்டார்

ஆயுத பூஜை அன்று காலை. இடது கையில் சந்தனக் கிண்ணம், வலது கை மோதிர விரலில் குங்குமம். எங்கள் வீட்டுத் தோட்டத்தில் நிற்கிறேன். அரிவாள்மனைக்குப் பொட்டு வைத்தாகிவிட்டது. உலக்கைக்கு, உரலுக்கு, கிணற்று உருளைக்கு, சைக்கிளுக்கு, கடையிலிருந்து கழுவிக் கொண்டுவந்த தராசுக்கு, எல்லாவற்றுக்கும் ஆயிற்று. பொம்மை ரயில் எஞ்சினுக்கும் அதன் வட்ட நெற்றியில் அளவாக ஒரு பொட்டு வைத்துவிட்டேன்.

மிச்சம் இருந்தது ஒன்றுதான். துவைகல்லுக்குப் பக்கத்தில், கவிழ்த்த மண்சட்டிக்கு அடியில் சொகுசாக உட்கார்ந்திருந்த மோட்டார்.

சட்டியைத் தூக்கினேன். பார்த்தேன். எண்ணெய் பூசிக்கொண்டு மினுமினு என்று இருந்தது.

"ஒனக்குப் பொட்டு ஒரு கேடா?" என்று சொல்லிவிட்டுச் சட்டியைக் கவிழ்த்தேன். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

ஒரு மோட்டார் மேலே பொறாமையா என்று கேட்பீர்கள். ஆமாம், பொறாமைதான். வயிறு எரிந்தது. இத்தனை வயதுக்குப் பிறகு அதை மூடி மறைத்து எனக்கு என்ன ஆகப்போகிறது?

போன வாரம், ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் என் நாத்தனார் தொலைந்துபோய்த் திரும்பி வந்த கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகி, "ஊரில் உள்ளவர்களை எல்லாம் எழுதுகிறீர்கள், உங்கள் வீட்டுக்காரரை மட்டும் ஏன் விட்டுவிட்டீர்கள்?" என்று கேட்டிருக்கிறார். அவரைப் பற்றி எழுதுவதென்றால் இந்த மோட்டாரைப் பற்றித்தான் எழுத வேண்டும். பெயரை மட்டும் எழுதமாட்டேன். சொல்லிப் பழக்கமில்லை, எழுதவும் கை வரவில்லை.

பேல் பட்டையில் ஓடிய ரயில்

என் வீட்டுக்காரருக்குச் சங்கரன்கோவில் தேரடிப் பக்கம் நூல் கடை. நெசவாளர்களுக்கு நூல் கொடுக்கிற கடை. அவருக்கு ஆசையெல்லாம் ரயில்வே உத்தியோகத்தின் மேலேதான் இருந்தது. ஒரே ஆண்பிள்ளை, கடையை யார் பார்ப்பது என்று என் மாமனார் ஒரே வார்த்தையில் தீர்த்துவிட்டார். மாமனார் போன பிறகும் அந்த வார்த்தை வீட்டில் இருந்தது. இவர் கடைக்குப் போனார், வந்தார், விருதுநகர் வண்டி ஸ்டேஷனுக்குள் நுழைகிற சத்தம் கேட்டால் தராசைப் பிடித்தபடியே காதைத் தீட்டிக்கொள்வார்.

சுதந்திரம் வந்து சில வருஷம் ஆகியிருக்கும். குற்றாலத்தில் ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்புவதால் வீட்டுச் சாமான்களை ஏலம் விடுகிறார் என்று கேள்விப்பட்டு, நல்ல தேக்கு அலமாரி ஒன்று எடுத்துவரச் சொல்லி என் மாமியார் இவரை அனுப்பினார். இவர் அலமாரி எடுக்கவில்லை. ஒரு பச்சை எஞ்சினும் இரண்டு பெட்டிகளும் கொஞ்சம் தண்டவாளமும் எடுத்துக்கொண்டு வந்தார். சாவி கொடுத்தால் ஓடுகிற எஞ்சின். என் மாமியார் அந்தப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "சேலையை எதுக்குள்ள மடிச்சு வைக்க? இதுக்குள்ளயால?" என்று கேட்டார். பிறகு ஒரு வாரம் மகனோடு பேசவில்லை.

கூட வந்த தண்டவாளம் ஒரு அறைக்குள்ளேயே தீர்ந்துவிடும். இவருக்கு அது போதுமா? கடைக்கு வருகிற நூல் பொதிகளை, பேல் என்பார்கள், இரும்புப் பட்டையால் இறுக்கிக் கட்டி அனுப்புவார்கள். பேலைப் பிரித்ததும் அந்தப் பட்டையைத் தூக்கி மூலையில் போடுவது வழக்கம். இவர் அதை நிமிர்த்தி, தட்டி, நேராக்கி, பனஞ்சட்டங்களில் கீறல் போட்டு அதற்குள் விளிம்பாக நிற்க வைத்தார். அதுதான் எங்கள் தண்டவாளம். வெயிலுக்கும் மழைக்கும் அசையாது. கிணற்றடியில் ஸ்டேஷன். அங்கிருந்து முருங்கை மரத்தைச் சுற்றிக்கொண்டு துவைகல்லுக்கு வரும். துவைகல்லில் இரண்டாகப் பிரியும். நேராகப் போவது சுற்றிக்கொண்டு கிணற்றடிக்கே திரும்பும், அது மெயின் லைன். வளைந்து போவது மாட்டுத் தொழுவத்துக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் போய் முட்டும், அது லூப். அந்தக் கொட்டகைக்குத் தென்காசி என்று பெயர்.

பிரிகிற இடத்தில் தண்டவாளத்தின் ஒரு துண்டு மட்டும் இப்படியும் அப்படியும் அசையும். அதற்கு நாக்கு என்று பெயர். நாக்கு எந்தப் பக்கம் ஒட்டியிருக்கிறதோ அந்தப் பக்கம் வண்டி போகும். ரயில்வேக்காரர்கள் அந்த இடத்தைப் பாயிண்ட் என்பார்கள். எங்கள் வீட்டில் பாயிண்ட் அமைந்தது துவைகல்லுக்கு அருகில். துவைகல்லில் அமைந்தது நான்.

துவைகல் ஜங்ஷன்

அந்தக் காலத்து வீட்டு வழக்கத்தைச் சொன்னால்தான் இனி வருவது புரியும். கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியும், பகலில் நானும் அவரும் பேசிக்கொண்டது கிடையாது. பெரியவர்கள் நடமாடுகிற வீட்டில் புருஷனும் பெண்சாதியும் முகம் பார்த்துப் பேசுவது மரியாதை இல்லை. ஏதாவது சொல்லியே ஆகவேண்டும் என்றால் மூன்றாவது ஆளைப் பார்த்துச் சொல்ல வேண்டும். "அத்தை, சோறு ஆறுதுன்னு சொல்லுங்க" என்று நான் சொல்வேன். அவர் அதைக் கேட்டுக்கொண்டு அங்கேயேதான் நிற்பார். அத்தை திரும்பி, "ஏலே, சோறு ஆறுதாம்" என்பார்.

முதன்முதலில் லூப்பில் வண்டி விட்டுப் பார்த்த சாயங்காலம், இவர் கிணற்றடியில் சாவி கொடுத்து எஞ்சினை விட்டுவிட்டார். சாவி வண்டிக்கு நடுவழியில் நிற்கத் தெரியாது. லூப்பில் எங்கள் பசு படுத்திருந்ததை அப்போதுதான் பார்த்திருக்கிறார். நாக்கு லூப் பக்கம் ஒட்டியிருந்தது.

"ஏட்டி! நாக்கு! நாக்கைத் தள்ளு!"

துவைத்துக்கொண்டிருந்த நான் ஈரக்காலால் ஒரு தள்ளு தள்ளினேன். வண்டி மெயின் லைனில் போய்விட்டது. பசு அசைபோட்டுக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து என் மாமியாரின் குரல் மட்டும் வந்தது.

"ஏலே, பட்டப்பகல்ல பொண்டாட்டிய என்னல கூப்பாடு போடுதே? அக்கம்பக்கத்துல என்ன நெனைப்பாவ?"

மறுநாள் கிணற்றடியில் ஒரு கம்பு நட்டு, அதில் சைக்கிள் மணி ஒன்றை முடுக்கி வைத்தார். நாக்குக்கு ஒரு கம்பி கட்டி, கம்பி நுனியில் உடைந்த தோசைக் கரண்டியின் காம்பைப் பொருத்தி என் கைக்கு எட்டும்படி துவைகல்லோரம் நிறுத்தினார். ஒரு மணி அடித்தால் மெயின். இரண்டு மணி அடித்தால் லூப். யாரும் சொல்லித் தரவில்லை, எனக்குப் புரிந்துவிட்டது. நாக்கை மாற்றியதும் நான் செம்பால் துவைகல்லில் ஒரு தட்டுத் தட்டுவேன். மாற்றியாச்சு என்று அர்த்தம்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அழுக்குத் துணி அதிகமாகிவிட்டது. கடையிலிருந்து இவர் திரும்புகிற நேரம் பார்த்துத்தான் எனக்குத் துவைக்க வேண்டியது ஞாபகம் வரும். துவைத்த தலையணை உறையையே மறுபடியும் துவைத்திருக்கிறேன். மாமியாருக்குச் சந்தேகம் வந்தாலும், துவைக்காதே என்று எந்த மாமியார் சொல்வார்?

ஒரு நாள் மூன்று மணி அடித்தது. எனக்கு ஒன்றும் ஓடவில்லை. நிமிர்ந்து பார்த்தால் தண்டவாளத்தில் வண்டியே இல்லை. இவர் முருங்கை மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, கோமதியம்மன் சன்னதிக் கூட்டத்தில் அத்தை முன்னால் போய்க்கொண்டிருந்தபோது, "மூணு மணின்னா என்ன?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"சும்மா" என்றார்.

அதன் பிறகு அடிக்கடி மூன்று மணி அடித்தது. நானும் செம்பால் தட்டினேன். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் மீதி நாள் முழுக்க அரைத்தேன், இடித்தேன், சாணி தட்டினேன். வெளியே சொல்லிக்கொள்ள முடியாத சந்தோஷமாக இருந்தது.

மதில் மேல் இளவட்டங்கள்

எங்கள் தோட்டத்துக்குப் பின்னால் ஒரு சந்து. காலையில் நெசவாளர்கள் தறிக்கான பாவு நூலை அங்கேதான் விரித்து ஓட்டுவார்கள். சாயங்காலம் வேலை முடிந்ததும் அந்தத் தெரு இளவட்டங்கள் மதிலில் கையூன்றி எட்டிப் பார்த்து ரயில் வேடிக்கை பார்ப்பார்கள். எல்லோரும் எங்கள் கடையில் நூல் எடுக்கிற வீட்டுப் பிள்ளைகள். இவருக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. வேண்டுமென்றே இரண்டு சுற்று கூடுதலாக விடுவார்.

ஒரு நாள் வண்டி வேகமாக வருகிறது, இவர் மணியைத் தாமதமாக அடித்துவிட்டார். நான் பட்டென்று கம்பியை இழுத்தேன். வண்டி நூலிழையில் லூப்புக்குத் திரும்பியது. மதிலில் ஒரே ஆரவாரம்.

"ஏலே, பாத்தியாலே மைனி கையை! நம்ம ஸ்டேஷன் பாயிண்ட்ஸ்மேனெல்லாம் கிட்ட நிக்க முடியாதுலே!"

"அண்ணாச்சி சாவிதானவே கொடுக்காவ! வண்டிய ஓட்டுதது மைனிதான்!"

மைனி என்றால் அண்ணி, என்னைத்தான் சொன்னார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன். செம்பால் தட்டினேன். அன்று அதற்குப் பிறகு மணியே அடிக்கவில்லை. இவர் எஞ்சினைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டுக் கடைக்கணக்குப் பார்க்கப் போய்விட்டார். வேலை இருக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நினைத்ததோடு விட்டுவிட்டேன், அதுதான் என் மண்டை.

லாரிக் கண்ணாடி துடைத்தது

அடுத்த வாரமே சாமுவேல் அண்ணாச்சி ஒரு கோணிப்பையோடு வந்து இறங்கினார். அவர் இவருடைய பள்ளிக்கூடத்துச் சிநேகிதர். ரேடியோ பழுது பார்க்கிற, பாட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற கடை வைத்திருந்தார். வாய் ஓயாது. மதுரையில் பட்டாளத்துப் பழைய சாமான் ஏலம் போனபோது எடுத்தாராம். கோணிக்குள்ளிருந்து கறுப்பாக உருண்டையாக ஒன்றை எடுத்துத் துவைகல்லின் மேல், நான் சோப்புப் போட்டு வைத்திருந்த வேட்டிக்குப் பக்கத்தில் வைத்தார்.

"பட்டாளத்து லாரியில கண்ணாடி தொடைக்க மோட்டார் தங்கச்சி. பர்மா வரைக்கும் போய்ட்டு வந்துருக்கும்! இனி ஒனக்கு இந்தக் கம்பி இழுக்க பாடே வேண்டாம். கெணத்தடியில ஒரு பொத்தான். அமுக்குனா இங்கன நாக்கு தானா மாறும்."

நான் இவரைப் பார்த்தேன். இவர் என்னைப் பார்க்கவில்லை. மோட்டாரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று பற்றியது எனக்கு.

பிறகு ஒவ்வொரு சாயங்காலமும் இருவரும் பாயிண்டடியில் குத்தவைத்துக்கொண்டு ஒரே பேச்சும் சிரிப்பும். நான் வாளியும் துணியுமாகப் போனால், "இன்னைக்கு இங்கன தண்ணி தெறிக்கக் கூடாது தங்கச்சி, கரண்டு" என்பார் சாமுவேல் அண்ணாச்சி. என் துவைகல்லில் எனக்கு இடம் இல்லை! போதாததற்கு அவர்களுக்குக் காப்பி போட்டுக் கொண்டுவர வேண்டியதும் நான். அந்தக் காப்பியில் சர்க்கரை குறைவாக இருந்திருந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

முதல் நாள் பாட்டரியைக் கொடுத்ததும் மோட்டார் தன் பழைய புத்தியைக் காட்டியது. கண்ணாடி துடைத்துப் பழகிய சாமான் ஆயிற்றே. நாக்கை இந்தப் பக்கம், அந்தப் பக்கம், இந்தப் பக்கம் என்று ஓயாமல் ஆட்டியது. நிறுத்தவே தெரியவில்லை. எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. ஆனால் இரண்டு பேரும் விடவில்லை. மோட்டாரைப் பிரித்து, உள்ளே மெதுவாகச் சுற்றுகிற சக்கரத்தை வெளியே கொண்டுவந்து, அதில் ஒரு கம்பியைக் கோத்து நாக்கோடு பிணைத்தார்கள். சக்கரம் அரைச் சுற்றுச் சுற்றினால் நாக்கு மெயினுக்கு, இன்னொரு அரைச் சுற்றில் லூப்புக்கு. அரைச் சுற்று முடிந்ததும் கரண்டு தானாக நின்றுவிட வேண்டும். அதற்குத்தான் வழி தெரியாமல் பல நாள் மண்டையைக் குடைந்தார்கள்.

இதற்கிடையில் இவர் அந்த மோட்டாரிடம் பேச ஆரம்பித்திருந்தார். நான் என் காதால் கேட்டேன். அது திணறுகிறபோது முதுகில் கைவைத்து, "மெல்ல, மெல்ல, அவசரம் இல்ல" என்கிறார். சூடாகிவிட்டால், "இன்னைக்குப் போதும், ஓய்வெடு" என்கிறார். பட்டப்பகலில்! அத்தை காதுபட! என்னிடம் ஒரு வார்த்தை பேச இந்த வீட்டில் நாலு சுவரும் காவல். பர்மாவிலிருந்து வந்த இரும்புக்கு ஒரு தடையும் இல்லை. காலையில் எழுந்ததும் அதற்கு எண்ணெய். வெயில் படக்கூடாது என்று மண்சட்டி. நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதே இடத்தில் அதே வெயிலில் நின்றவள்.

குங்குமச் சிமிழ்

ஒரு நாள் காலையில் குங்குமச் சிமிழைத் திறக்கப் போனால் மூடி இல்லை. வாசுதேவநல்லூரில் என் அம்மா, கல்யாணத்துக்கு என்று பாத்திரக்காரரிடம் சொல்லிச் செய்து கொடுத்த பித்தளைச் சிமிழ். வீடு முழுக்கத் தேடினேன். கடைசியில் தோட்டத்தில் கண்டேன். மோட்டார் சக்கரத்தின் மேல் ஜம்மென்று பளபளத்துக்கொண்டிருந்தது.

அதுதான் அவர்கள் கண்டுபிடித்த வழி. மூடியின் ஓரத்தில் எதிரெதிராக இரண்டு இடத்தில் அரத்தால் வெட்டியிருந்தார்கள். டார்ச் லைட்டின் பித்தளைத் தகடு ஒன்று மூடியின் முகத்தில் அந்த ஓரத்தை உரசிக்கொண்டே இருக்கும். உரசுகிறவரை கரண்டு ஓடும். வெட்டுக்கு வந்ததும் தொடுப்பு அற்று மோட்டார் நின்றுவிடும். கிணற்றடிப் பொத்தானை மறுபடி அமுக்கினால் அடுத்த அரைச் சுற்று. கச்சிதமாக வேலை செய்தது. இவர் பொத்தானை அமுக்கினார், 'ர்ர்ர்' என்று ஒரு சத்தம், நாக்கு மாறியது. மணி இல்லை. செம்பு இல்லை.

அத்தையிடம் போய், "என் சிமிழ் மூடிய எடுத்து மோட்டாருல மாட்டிருக்காவ" என்று சொன்னேன்.

அத்தை தோட்டத்துக்கு வந்து பார்த்தார். இவர் ஒரு தடவை ஓட்டிக் காட்டினார். நாக்கு ஆள் இல்லாமல் நகர்ந்ததைப் பார்த்ததும் அத்தையின் வாய் திறந்தபடியே இருந்தது. இத்தனை நாள் 'அந்தச் சனியன் பிடிச்ச விளையாட்டு' என்று சொன்னவர், அன்று சாயங்காலமே பக்கத்து வீட்டில் போய், "எங்க வீட்டுல மோட்டாரு வச்சாச்சு" என்று சொல்லிவிட்டு வந்தார். எனக்கு வேறு ஒரு சிமிழ் வாங்கித் தரச் சொல்லி மகனுக்கு உத்தரவு போட்டார். பிறகு என்னைப் பார்த்து, "இனி சாயங்காலம் ஒனக்கு அங்கன சோலி இல்லேல்லா? துணியக் காலையிலயே தொவச்சுரு. சாயங்காலம் மாவாட்டிரலாம்" என்றார்.

முடிந்தது. என் ஒரு மணி நேரம் போயிற்று. ஆட்டுரலில் உட்கார்ந்து மாவாட்டிக்கொண்டே தோட்டத்திலிருந்து வருகிற அந்த 'ர்ர்ர்' சத்தத்தைக் கேட்டேன். அது ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் குழவியை இன்னும் வேகமாகச் சுற்றினேன்.

மூன்று விரல் சந்தனம்

இப்போது ஆயுத பூஜைக்கு வருகிறேன். பொட்டு வைக்காமல் சட்டியைக் கவிழ்த்துவிட்டு வந்தேன் அல்லவா? படைத்து முடித்ததும் அத்தை எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்தார். அவர் கண்ணுக்கு ஒன்றும் தப்பாது.

"என்னட்டி, மோட்டாருக்கு யாரு பொட்டு வைப்பா?"

"சந்தனம் தீந்துட்டு அத்தை."

"பெருசா எல்லாத்துக்கும் வச்சவளுக்கு இதுக்கு மட்டும் தீந்துட்டோ?" என்று அவரே புதிதாகச் சந்தனம் இழைத்து எடுத்துக்கொண்டு போனார். நான் அடுக்களைச் சன்னல் வழியாகப் பார்த்தேன். சட்டியை நகர்த்தினார். எங்கே வைப்பது என்று யோசித்தார். வட்டமாகப் பளபளவென்று முகம் போல இருந்தது ஒன்றுதான், என் சிமிழ் மூடி. அதில் மூன்று விரலால் தாராளமாக ஒரு பட்டை இழுத்து, நடுவில் குங்குமத்தை அப்பி, கன்னத்தில் போட்டுக்கொண்டு வந்தார். அன்று ஆயுதங்களை எடுக்கக்கூடாது என்பதால் மோட்டாரை யாரும் ஓட்டவில்லை. சந்தனம் நன்றாகக் காய்ந்தது.

மறுநாள் விஜயதசமி. சாயங்காலம் மோட்டார் பாயிண்டை ஊருக்குக் காட்டுவதாக ஏற்பாடு. சாமுவேல் அண்ணாச்சி வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். கடைச் சிப்பந்திகள், அக்கம்பக்கத்தார் எல்லோரும் தோட்டத்தில். மதில் நிறைய இளவட்டங்கள். அத்தைக்கு நாற்காலி. நான் தொழுவத்து ஓரமாக நின்றேன்.

இவர் சாவி கொடுத்து எஞ்சினை விட்டார். வண்டி முருங்கையைச் சுற்றியது. பொத்தானை அமுக்கினார். 'ர்ர்' என்று தொடங்கி, பாதியில் நின்றுவிட்டது. நாக்கு மெயினிலும் இல்லை, லூப்பிலும் இல்லை. எஞ்சின் வந்த வேகத்தில் தடம் புரண்டு, பெட்டிகளையும் இழுத்துக்கொண்டு துவைகல் சாக்கடைக்குள் விழுந்தது. சாவி தீருகிறவரை அதன் சக்கரங்கள் காற்றில் சுற்றின.

மனசுக்குள் நான் கைதட்டினேன்.

சாமுவேல் அண்ணாச்சி ஓடிப்போய்ச் சட்டியைத் தூக்கினார். "அட, யாரும்மா இதுல சந்தனத்தை அப்புனது? தகடு எப்படி ஒரசும்? கரண்டு எப்படிப் போகும்?"

எல்லோர் தலையும் என் பக்கம் திரும்பியது. பொட்டு வைப்பது மருமகள் வேலை என்று யாருக்குத் தெரியாது? மோட்டார் வந்த நாளிலிருந்து என் முகம் போகிற போக்கும் தெரியும். நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை முருங்கை மரத்தில் காய் எண்ணிக்கொண்டிருந்தார். நான் வைக்கவில்லை என்றால் யார் நம்புவார்கள்?

இவர் குனிந்து மூடியைப் பார்த்தார்.

"இது அவ வச்ச பொட்டு இல்லவே" என்றார். "அவ வச்சா இம்புட்டுத்தான் இருக்கும்." சுண்டுவிரல் நுனியைக் காட்டினார். "இந்தா, எஞ்சின் நெத்தியப் பாரு. சைக்கிளப் பாரு. அவ கை தனி."

பகலில், அத்தனை பேர் முன்னால், என்னைப் பற்றி அவர் பேசிய முதல் பேச்சு அது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் கோபம் அப்படியேதான் இருந்தது. என் பொட்டு இவ்வளவு தெரிகிறவருக்கு என் கை எதற்கு வேண்டாம் என்று ஆயிற்று?

மணி அடித்தால்தான்

"சக்கரப் பல்லுக்குள்ளயும் போயிருக்கு. மண்ணெண்ணெயில கழுவணும். இன்னைக்கு ஓடாது" என்று சாமுவேல் அண்ணாச்சி கையை விரித்தார்.

மதிலிலிருந்து ஒரு குரல் வந்தது.

"அதுக்கென்ன அண்ணாச்சி? மைனியப் பாயிண்ட் போடச் சொல்லுங்க! அவிய போட்டா இம்மி பெசகாது!"

"ஆமா, மைனி போடட்டும்! அதைப் பாத்து எம்புட்டு நாளாச்சு!"

தற்செயலாக நான் அப்போது இவர் முகத்தைப் பார்த்தேன். உதடு இறுகி, மூக்கு விடைத்து, கண் மதிலையே முறைத்துக்கொண்டு நின்றது. அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரியும். சட்டியைத் தூக்கி மோட்டாரைப் பார்க்கிறபோதெல்லாம் அதன் எண்ணெய்ப் பளபளப்பில் நான் பார்த்த முகம் அது. என் முகம்.

அட மனுஷா! இதுக்கா? நாலு பயல்கள் மதில் மேலேறி என் கையைப் புகழ்ந்ததற்கா பர்மாவிலிருந்து மோட்டார் வந்தது?

எனக்கு ஆத்திரமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. இத்தனை மாதம் நான் வெந்தேன், அந்தப் பக்கம் இவரும் வெந்திருக்கிறார். கேட்டிருந்தால் மதிலை ஒரு முழம் உயர்த்திக்கொள்ளலாம் என்று சொல்லியிருப்பேன். வாயைத் திறந்தால்தானே!

நேரே துவைகல்லுக்குப் போனேன். எஞ்சினைச் சாக்கடையிலிருந்து எடுத்து முந்தானையால் துடைத்தேன். மோட்டாரிலிருந்து நாக்குக்குப் போன கம்பியைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஓரமாகக் கிடந்த என் தோசைக் கரண்டிக் காம்பைப் பழையபடி மாட்டினேன். செம்பை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். பிறகு இவரைப் பார்க்காமல், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"சாமுவேல் அண்ணாச்சி, மணி அடிச்சாத்தான் நாக்கு மாறும்னு சொல்லிருங்க."

சாமுவேல் அண்ணாச்சி பத்தடி தள்ளி நின்ற இவரிடம் திரும்பி, "மணி அடிச்சாத்தான் மாறுமாம்வே" என்றார்.

இவர் எஞ்சினை வாங்கிப்போய்ச் சாவி கொடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். மணிக்கம்பு பக்கத்தில்தான் இருந்தது. கை அதற்குப் போகவில்லை. அவர் அடிக்காவிட்டால் நான் எழுந்து போயிருப்பேன். போயிருந்தால் அந்தத் துவைகல்லுக்குத் திரும்பியிருக்கமாட்டேன், ஆயுசுக்கும் மாவாட்டியிருப்பேன். கரண்டிக் காம்பை விடாமல் பிடித்துக்கொண்டேன்.

இவர் மதிலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பகலில், நேராக, முகத்தையே பார்த்தார்.

இரண்டு மணி அடித்தது.

இழுத்தேன். தட்டினேன். வண்டி முருங்கையைச் சுற்றி வந்து, நாக்கில் ஒரு குலுங்குக் குலுங்கி, தென்காசிக்குப் போய்ச் சேர்ந்தது. மதில் மேல் ஒரே கூச்சல். இந்தத் தடவை இவர் அதைக் கேட்டுச் சிரித்தார், கொஞ்சம் கஷ்டப்பட்டுத்தான்.

மோட்டாரை அடுத்த வாரம் கழுவிச் சரிசெய்தார்கள். தொழுவத்துக்குப் பின்னால், தென்காசிக்குப் பக்கத்தில் இன்னொரு பிரிவு போட்டு அதை அங்கே வைத்தார்கள். அங்கே பசுவைத் தவிர யாரும் அதைப் பார்ப்பதில்லை. என் சிமிழ் மூடியும் அதோடு போயிற்று. அந்த மோட்டார் மேல் எனக்கு இன்றைக்கும் வருத்தம் உண்டு. அவர் அதனிடம் அவ்வளவு மெல்லப் பேசியிருக்க வேண்டாம்.

அன்று சாயங்காலத்தில் ஒன்று பாக்கி. கூட்டம் கலைய ஆரம்பித்திருந்தது. இவர் எஞ்சினைப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். தண்டவாளத்தில் ஒன்றுமில்லை. நான் செம்பை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

மணி அடித்தது. ஒன்று, இரண்டு, மூன்று.

நான் செம்பால் துவைகல்லில் ஒரு தட்டுத் தட்டினேன்.

நாற்காலியிலிருந்து எழுந்துகொண்டிருந்த அத்தை நின்றுவிட்டார். "ஒண்ணுன்னா மெயினு, ரெண்டுன்னா லூப்புன்னு எனக்கும் தெரியும். மூணு எந்த லைனுக்குல?"

இவர் முருங்கை மரத்தைப் பார்த்தார். நான் செம்பைக் கழுவினேன். சாமுவேல் அண்ணாச்சி மட்டும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முருங்கை மரத்தடியில் குனிந்து மூன்றாவது லைனைத் தேட ஆரம்பித்தார்.